வனமாமலை கடையில் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள்

வனமாமலைக்கு அந்த வாய் மட்டும் இல்லாதிருந்தால் படப்பையில் இரண்டு மாடி கட்டியிருப்பான் என்று அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் சொல்வார்கள். வாய் இருந்ததால் அவனுக்கு வாய்த்தது, மருந்துக் கடைக்கும் செருப்புக் கடைக்கும் இடையில், இரண்டு கையையும் விரித்தால் சுவரில் முட்டுகிற ஒற்றை அறை. அதற்குள் ஒரு மேசை, ஒரு முக்காலி, கூரைவரை அடுக்கிய அட்டைப்பெட்டிகள். வாசலில் 'இங்கு கம்ப்யூட்டர் பாகங்கள் தேர்ந்து பொருத்தித் தரப்படும்' என்று பலகை. உள்ளே நுழைகிறவனுக்குப் பாகத்துக்கு முன்னால் கிடைப்பது ஏச்சு.

நாங்குநேரிப் பக்கத்துக்காரன். ஸ்ரீபெரும்புதூரைச் சுற்றிக் கம்பெனிகள் முளைக்கத் தொடங்கிய நேரத்தில், பாலிடெக்னிக் படிப்பைச் சுருட்டிக்கொண்டு வடக்கே பஸ் ஏறியவன். கார்களுக்குக் கதவுப் பூட்டு செய்கிற ஒரு கம்பெனியில் லைனில் நின்றான். அங்கே சூப்பர்வைசர் மேசைக்குப் புதிதாக ஒரு கம்ப்யூட்டர் வந்தது. வந்த அன்றே அதற்குப் பூப்போட்ட உறை தைத்துப் போர்த்தினார்கள். உச்சியில் சந்தனம், குங்குமம், ஓரத்தில் எலுமிச்சம்பழம். மாதங்கள் போயும் உறையை எடுக்கவில்லை. கணக்கெல்லாம் முன்போலவே கையால்தான் எழுதப்பட்டது. ஆயுதபூஜையன்று எல்லாரும் சுண்டல் தின்றுகொண்டிருக்கும்போது வனமாமலை, "சார், இதைப் பிள்ளையார் பக்கத்துல ஏத்தி வச்சு ரெண்டு வேளை தீபாராதனை காட்டிருவோம். வேலைதான் செய்யல, வரமாவது குடுக்கான்னு பாப்போம்" என்றான். லைன் முழுக்கச் சிரித்தது. சூப்பர்வைசர் சிரிக்கவில்லை. கான்ட்ராக்ட் முடிந்தபோது எல்லாருக்கும் நீட்டிப்பு வந்தது, அவனுக்கு வரவில்லை.

அதன்பிறகு சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில் பாகங்களைச் சேர்த்துக் கம்ப்யூட்டர் பெட்டி பூட்டக் கற்றுக்கொண்டு, படப்பைக்கு வந்து சொந்தக் கடை போட்டான். நேரம் நல்ல நேரம். வயலெல்லாம் கல் நட்டு மனையாகிக்கொண்டிருந்தது. மனை விற்ற கையில் காசு புரண்டது. புரண்ட காசு முதலில் பைக் வாங்கியது, அடுத்து வாசலுக்குக் கிரானைட் போட்டது, மூன்றாவதாகக் கம்ப்யூட்டர் தேடி வந்தது. யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "பசங்க படிப்புக்கு."

இந்த ஒரு வார்த்தையைக் கேட்டால் வனமாமலைக்கு உடம்பெல்லாம் எரியும்.

"எத்தனாங் கிளாஸு?"

"ஒண்ணாவது போவுது."

"ஒண்ணாங் கிளாஸுப் பிள்ளைக்குப் பென்டியம் ஃபோரா? 'அ'னா எழுதுததுக்கு அம்புட்டு வேகம் எதுக்கு அண்ணாச்சி? சிலேட்டு வாங்கிக் குடுங்க. கீழ போட்டா சிலேட்டுதான் ஒடையும்."

அந்த ஆள் நேரே தாம்பரம் போய், குளிர்சாதனம் போட்ட கடையில், டை கட்டிய பையன் 'சார் சார்' என்று கூப்பிட, அதே சாமானை அதிக விலைக்கு வாங்கிவந்து ஹாலில் வைப்பார். வனமாமலை அலட்டிக்கொள்ள மாட்டான். "ஏமாறுததுக்கும் ஏசி வேணுங்கான்" என்று செருப்புக் கடைக்காரரிடம் சொல்லிவிட்டு டீ குடிப்பான்.

அவன் கொஞ்சமாவது மதித்தது ஒரு கூட்டத்தைத்தான். கம்பெனியில் பார்த்த ஓவர்டைம் காசைச் சேர்த்துவைத்து, அறைக்கு ஒன்றாக வாங்க வருகிற தெற்கத்திப் பையன்கள். "எதுக்கு?" என்று கேட்டால் கூசாமல் "படம் பாக்கத்தாண்ணே" என்பார்கள். "நீங்கதாம்லே உண்மைய சொல்லுதீய" என்று சொல்லி, படம் பார்க்கிற அளவுக்கு எது வேண்டுமோ அதை மட்டும் போட்டுக் கொடுப்பான். அவர்களையும் சும்மா விட மாட்டான். "ரூமுல எட்டுப் பேரு, தலகாணி ரெண்டு, ஸ்பீக்கர் மட்டும் அஞ்சு" என்பான்.

அவன் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: வாங்கி என்ன செய்யப் போகிறீர்கள்? ஒழுங்கான பதில் சொன்னவனுக்கு ஒழுங்கான பெட்டி. பதில் இல்லாதவனுக்கு வசவு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கடை வாசலில் வாடகைக் கார் வந்து நின்றது. இறங்கியவர் கோதண்டம், படப்பையிலேயே பிறந்து வளர்ந்தவர், சாலையோரத்து நிலத்தை அந்த வருடம்தான் விற்றிருந்தார். கூட அவர் மகள் பிரவீனா. ஒரகடத்தில் ஒரு கம்பெனி ஸ்டோரில், வருகிற சாமானைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற வேலை அவளுக்கு. பின்னாலேயே அவளுக்கு நிச்சயமான மாப்பிள்ளை இராமச்சந்திரன், மறைமலை நகரில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனை அதிகாரி. அவனுக்குப் பின்னால் அவன் அம்மா.

"தம்பி, பொண்ணு கல்யாணத்துல சீரோட கம்ப்யூட்டரும் வெக்கிறோம். மாப்ள கேக்கறத போட்டுக் குடுத்துடு" என்றார் கோதண்டம்.

வனமாமலை மாப்பிள்ளையைப் பார்த்தான். "வாங்கி என்ன செய்யப் போறீய?"

"யூஸ் பண்ணத்தான்."

"என்ன யூஸுன்னு கேட்டேன்."

"எல்லா யூஸும்தான். நீ கொட்டேஷன் போடுப்பா, இன்டர்வியூ எடுக்காத" என்றான் இராமச்சந்திரன். அவன் கண் ஏற்கெனவே அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விட்டது. அங்கே பக்கவாட்டில் கண்ணாடி பதித்து, உள்ளே நீல விளக்கு எரிகிற கேபினட் ஒன்று இருந்தது. வனமாமலை அதை வாங்கி வைத்திருந்ததே, எந்தெந்த ஆள் அதைக் கேட்கிறான் என்று பார்த்துத் தரம் பிரிக்கத்தான்.

"அது வேணும். பிராசஸர்ல டாப் எதுவோ அது. ஹோம் தியேட்டர் ஸ்பீக்கர், பெருசா. டிவி பாக்கற கார்டு ஒண்ணு. கேம்ஸுக்கு தனியா கிராஃபிக்ஸ் கார்டு."

வனமாமலை கணக்குப் போட்டுத் தொகையைச் சொன்னான். கோதண்டத்தின் முகம் சுருங்கியது. அதை இராமச்சந்திரனும் பார்த்தான், பெருந்தன்மையாகச் சிரித்தான். "மாமாவுக்கு கஷ்டம் வேணாம். மெமரியைப் பாதி ஆக்கிடு. அந்த பவர் சப்ளை டப்பா இருக்குதே, அது லோக்கல் போடு. சரியாப் பூடும்."

அதுவரை பேசாமல் இருந்த பிரவீனா, "மெமரி பாதி ஆனா இன்னா ஆவும்?" என்று கேட்டாள்.

"உனக்கு இன்னா தெரியும், சும்மா இரு" என்றான் மாப்பிள்ளை.

அவள் வனமாமலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைக்கு வந்து, விலை கேட்காமல் விளைவு கேட்ட ஆள் அவனுக்கு அபூர்வம். அதனால் கொஞ்சம் மரியாதையாகவே சொன்னான்: "சமையக்கட்டுன்னு வைங்க. சமையக்காரன் பெரிய கைகாரன். ஆனா காய் நறுக்க மேடை ஒரு சாண்தான். ஒண்ணை நறுக்கி எடுத்து வச்சுட்டுத்தான் அடுத்ததைத் தொடணும். அவன் வேகம் எவனுக்கு ஆவும்? பிராசஸர் அவன், மெமரி அந்த மேடை. பவர் சப்ளை அடுப்பு மாதிரி. அது மட்டமா இருந்தா ஒருநாள் சமையக்கட்டே எரியும்."

"அதெல்லாம் உள்ள இருக்கறதுப்பா. யாரு தொறந்து பாக்கப் போறாங்க? மண்டபத்துல நாலு பேர் கண்ணுக்கு எது தெரியுதோ அது நல்லா இருந்தா போதும்" என்றான் இராமச்சந்திரன்.

"கண்ணாடில்லா வச்சிருக்கு. உள்ள தெரியுமே?"

"லைட்டுதான் தெரியும்."

நாளெல்லாம் கம்பெனியில் ஒவ்வொரு உதிரி பாகத்தையும் அளந்து பார்த்து, பழுதானதைத் தள்ளுகிற வேலை பார்க்கிறவன் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்ததை வனமாமலையால் தாங்க முடியவில்லை. பேனாவைப் போட்டுவிட்டான்.

"அப்பம் உள்ள ஒண்ணுமே வேண்டாமே அண்ணாச்சி? வெறுங் கேபினட்டு, ஒரு சீரியல் செட்டு. மாமனாருக்குச் செலவும் மிச்சம். ஒமக்கு வேண்டியது கம்ப்யூட்டர் இல்ல வே, ஜோடிச்ச சப்பரம். நாலு பேரைத் தூக்கச் சொல்லி மண்டபத்தை ஒரு சுத்து சுத்தி வந்துருங்க."

"இன்னா பேச்சு பேசறான் பாரு இவன்!" என்று மாப்பிள்ளையின் அம்மா வாசலுக்குத் திரும்பினாள். எல்லாரும் பின்னாலேயே போனார்கள். கோதண்டம் மன்னிப்புக் கேட்பதுபோல் இரு பக்கமும் கையைக் காட்டிக்கொண்டே காரில் ஏறினார். கார் தாம்பரம் பக்கம் போயிற்று.

சில வாரம் கழித்து, இராமச்சந்திரனின் சொந்தக்காரர்கள் என்று சொல்லிக்கொண்டு சிலர் கடைக்குள் புகுந்தார்கள். "உன் வாயாலதான்டா கல்யாணம் நின்னு போச்சு" என்று கத்தினார்கள். வனமாமலையின் சட்டைக் காலரைப் பிடித்துத் தள்ளினார்கள். போகிற போக்கில் அந்தக் கண்ணாடிக் கேபினட்டை இழுத்துத் தரையில் போட்டு நொறுக்கினார்கள். கூட்டம் கலைந்தபின் சில்லுகளைக் கூட்டிக்கொண்டே, "ஒடைக்கதுக்குக்கூட அவனுவளுக்குப் பளபளன்னு இருக்கதுதான் கண்ணுல பட்டிருக்கு. பக்கத்துல நல்ல மதர்போர்டு இருந்துச்சு, ஒருத்தன் திரும்பிப் பாக்கல" என்றான் செருப்புக் கடைக்காரரிடம். ஆனால் அன்று டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டான். தன்னால் ஒரு பெண்ணின் கல்யாணம் நின்றது என்பது அவனுக்குள் உறுத்தாமல் இல்லை. அதைச் சொல்கிற வாய் அவனுக்கு வாய்க்கவில்லை.

பிரவீனாவே வந்தாள். அப்பா வாசலில் மொபெட்டை நிறுத்திவிட்டு, உள்ளே வர மனமில்லாமல் மருந்துக் கடையில் பேச்சுக் கொடுத்துக்கொண்டு நின்றார்.

"உங்களால நிக்கல, அந்தப் பெருமை உங்களுக்கு வேணாம்ணா" என்றாள் எடுத்த எடுப்பில். "உள்ள மட்டமா இருந்தா பரவால்ல, வெளிய தெரியக் கூடாதுன்னாரு. நாளைக்கு அந்த வூட்டுக்குள்ள என் பாடு எப்பிடி இருந்தாலும் அவருக்கு இதே பதில்தானே? நான்தான் வேணாம்னேன். அப்பா கேக்கல முதல்ல. அப்புறம் மாப்ள வூட்டுல அவங்களே பெரிய பைக்கா வேணும்னு ஆள் அனுப்பினாங்க. அப்பாவுக்கும் புரிஞ்சிடுச்சி."

வனமாமலை எழுந்து நின்றான். முக்காலியை நகர்த்திப் போட்டான். "என்ன வேணும் இப்பம்?"

"எனக்கு ஒரு கம்ப்யூட்டர். வூட்டுல வெச்சிக்க. இன்னா பண்ணப் போறேன்னு கேப்பீங்க, நானே சொல்லிடறேன். கம்பெனிக்கு வேலை தேடி வர்ற பசங்க அத்தினி பேருக்கும் பயோடேட்டா அடிச்சுத் தரணும். தெருவுல தெனம் யாராவது கேக்கறாங்க. ஞாயித்துக்கிழமை அம்மாவோட படம் பாக்கணும். அவ்ளோதான்."

அன்று அவன் பூட்டிக் கொடுத்ததுபோல் அதற்குமுன் யாருக்கும் பூட்டியதில்லை. வேகத்தில் நடுத்தரமான பிராசஸர். மிச்சமான காசை மெமரியில் போட்டான். படம் காட்டுவதும் ஒலி தருவதும் சேர்ந்தே வருகிற மதர்போர்டு. தனி கார்டு எதுவும் இல்லை. கண் நோகாத பெரிய மானிட்டர், ஏனென்றால் நாளெல்லாம் எழுத்துப் பார்க்கிறவள். பயோடேட்டா அச்செடுக்க ஒரு பிரிண்டர். கனமாக இருந்தால்தான் நல்லதென்று எடை வைத்துப் பார்த்து வாங்கிய பவர் சப்ளை. சாம்பல் நிறத்தில், எந்தப் பகட்டும் இல்லாத கேபினட். "மண்டபத்துல இதை ஒருத்தன் சீண்ட மாட்டான்" என்று பாராட்டினான்.

"பேட்டரி வெச்ச யூ.பி.எஸ்.?" என்றாள் அவள்.

"கரண்டு போனா கீ கீன்னு கத்துத செங்கலு. பயந்தாங்கொள்ளிக்கு விக்கது. வேண்டாம்."

அதோடு வேலை முடிந்தது என்றுதான் நினைத்தான். பத்துப் பதினைந்து நாளில் பிரவீனா போன் செய்தாள். சாயந்திரம் டைப் அடித்துக்கொண்டிருக்கும்போதே கம்ப்யூட்டர் தானாக அணைந்து மறுபடி எழுகிறது, அடித்ததெல்லாம் போய்விடுகிறது என்றாள்.

"ஒழுங்கா ஷட்டவுன் பண்ணத் தெரியணும்" என்றான்.

மறுபடி போன். "வயரைக் காலால மிதிக்கியளோ?"

மறுபடி. "தங்கச்சி, அந்தப் பெட்டில நான் பாத்துப் பாத்துப் போட்டிருக்கேன். பெட்டி மேல குத்தம் இருக்காது. ஒக்காந்திருக்க ஆளு மேலதான் இருக்கும்."

போன் துண்டிக்கப்பட்டது. மறுநாள் ஷிப்ட் முடிந்து, கம்பெனிச் சீருடையோடேயே கடை வாசலில் வந்து நின்றாள். "ஷட்டரை இறக்குங்க. வூட்டுக்கு வாங்க. வந்து நீங்களே குந்திப் பாருங்க."

அவள் குரலில் இருந்தது கெஞ்சல் இல்லை. வனமாமலை ஷேர் ஆட்டோவில் ஏறினான். ஆட்டோ கடைத்தெருவைத் தாண்டி, மனைக் கற்களுக்கு நடுவே மண்பாதையில் குலுங்கிக்கொண்டு போனது. நிலம் விற்ற காசில் கோதண்டம் கட்டிய புது வீடு, நகரின் கடைசி வரிசையில் கடைசி வீடு. அதற்கு அப்பால் மின்கம்பம்கூட இல்லை. 'நகர்' என்று பெயர்ப்பலகை இருந்தது. நகரத்துக்கான மற்றதெல்லாம் இனிமேல்தான் வரவேண்டும்.

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் ஒழுங்காக ஓடியது. வேலைவிட்டு வந்த வீடுகள் ஒவ்வொன்றாகத் தண்ணீர் மோட்டார் போட ஆரம்பித்தன. டியூப் லைட் கண் சிமிட்டியது, பிறகு முனையில் மட்டும் சிவப்பாகக் கனிந்து நின்றது. மின்விசிறியின் இறக்கை எத்தனை என்று எண்ணிவிடலாம் போலச் சுற்றியது. திரை ஒரு தரம் சுருங்கி, இருண்டது. பெட்டி 'டிக்' என்று அணைந்து, மறுபடி முதலிலிருந்து எழுந்தது.

வனமாமலை தலையைத் தூக்கி டியூப் லைட்டைப் பார்த்தான்: லோ வோல்டேஜ்.

"கடைக்கு வர்றவங்க எல்லாரையும் இன்னா செய்யப் போறே, இன்னா செய்யப் போறேன்னு கொடையறீங்களே, எங்க வெக்கப் போறேன்னு யாரையாவது கேட்டிருக்கீங்களா?" என்றாள் பிரவீனா. "உங்க கடை பஜார்ல கீது, டிரான்ஸ்பார்மர் பக்கத்துல. அங்க எல்லாம் ஜெகஜோதியா எரியும். யூ.பி.எஸ். கேட்டேன். பயந்தாங்கொள்ளின்னீங்க. மாப்ளைக்கு வெளிய தெரியறது மட்டும் தெரிஞ்சுது. உங்களுக்குப் பொட்டிக்குள்ள இருக்கறது மட்டும் தெரியுது. ரெண்டு பேருமே வூட்டைப் பாக்கலையே."

கோதண்டம் பதறி, "இன்னாம்மா, வூட்டுக்கு வந்தவர..." என்றார். வனமாமலை குனிந்து பிளக்கைப் பிடுங்கினான்.  இராமச்சந்திரனோடு சேர்த்துத் தன்னை ஒரே தட்டில் நிறுத்தியதுதான் சுருக்கென்றது. அதைவிட, அது சரியாகவும் இருந்தது.

"இந்த ஊருல கரண்டுகூடப் பிச்சை எடுத்துத்தான் வருது" என்று கடைசியில் முனகிவிட்டு எழுந்தான்.

அடுத்த நாள் யூ.பி.எஸ். கொண்டுவந்து மாட்டினான். வோல்டேஜ் தாழ்ந்தபடியே இருந்ததால் அது விடாமல் கத்தி, பேட்டரி தீர்ந்து அடங்கியது. பிரவீனா ஸ்விட்சை அணைத்தாள். அதற்கு அடுத்த நாள் நல்ல ஸ்டெபிலைசர் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து, அதை யூ.பி.எஸ்ஸுக்கு முன்னால் மாட்டினான். மோட்டார்கள் எல்லாம் ஓடின. டியூப் லைட் சிவந்தது. திரை அசையவில்லை. அவள் ஒரு பையனின் பயோடேட்டாவை முழுசாக அடித்து முடித்து, பிரிண்ட் எடுத்து வனமாமலை கையில் கொடுத்தாள். "தப்பு இருக்கா பாத்துச் சொல்லுங்க." அவன் எழுத்துப் பிழை ஒன்று கண்டுபிடித்தான். அதில் அவனுக்கு அன்றைய சோறு இறங்கியது.

அதன்பின் பிரவீனா அடிக்கடி கடைக்கு வரலானாள். பேப்பர் வாங்க, இங்க் நிரப்ப. வருகிறபோதெல்லாம் யாராவது ஒருவர் முகம் சிவந்து வெளியேறுவதைப் பார்த்தாள். ஒருநாள், வெளியேறிய அம்மாளைப் படிக்கட்டிலேயே மடக்கி, என்ன வேண்டும், வீடு எங்கே, மின்சாரம் எப்படி, யார் உட்காருவார்கள் என்று பேசி, உள்ளே கூட்டிவந்து வியாபாரத்தை முடித்துக் கொடுத்தாள். வனமாமலை மேல்கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணா, ஒண்ணு சொல்றேன். உங்க கைக்கு வர்ற காசை உங்க வாய் துரத்தி அடிக்குது. நடுவுல பிளைவுட் வெச்சி மறைச்சிடுங்க. நீங்க உள்ள இருந்து பூட்டுங்க. வர்றவங்கள நான் பாத்துக்கறேன்."

"என் கடைல என்னையே ஜெயில்ல போடுதீயளோ?"

"ஆமா."

ஒரு மாதம் முறைத்துக்கொண்டிருந்தான். அந்த ஒரு மாதமும் கடை ஈ ஓட்டியது. பிறகு தச்சனைக் கூப்பிட்டான்.

இப்படித்தான் அந்தக் கடை நிமிர்ந்தது. பிரவீனா முதலில் ஷிப்ட் முடிந்து வந்தாள். பிறகு கம்பெனி வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் முன்மேசையில் உட்கார்ந்தாள். கோதண்டம் பங்குக்குக் காசு போட்டார். சுங்குவார்சத்திரம் பக்கம் பெரிய எலக்ட்ரானிக்ஸ் கம்பெனிகள் வரப் போகின்றன என்ற பேச்சு கிளம்பியதும், விடுதி கட்டுகிறவர்களும் லாட்ஜ் நடத்துகிறவர்களும்கூடப் படப்பை தேடி வந்தார்கள். பிற்பாடு பிரவீனாவுக்கு வேறோர் இடத்தில் கல்யாணமும் ஆயிற்று. மாப்பிள்ளை அரசு பஸ் ஓட்டுநர். சீராகக் கம்ப்யூட்டர் வேண்டுமா என்று கோதண்டம் தயங்கிக் கேட்டதற்கு, "அத்த வெச்சிகினு நான் இன்னா மாமா பண்ணப் போறேன்?" என்றார். பிளைவுட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வனமாமலை அந்த மனிதருக்கு மட்டும் எந்தக் குறையும் சொல்லவில்லை.

மற்றவர்களை அவன் விடவில்லை. தட்டிக்குப் பின்னாலிருந்து முணுமுணுப்பு கேட்டுக்கொண்டேயிருக்கும். வாங்குகிறவர்களின் வீட்டுக்கே போய் மின்சாரம் பார்க்கிற வேலையையும் அவனே எடுத்துக்கொண்டான். மின்சாரம் அளக்கிற மீட்டரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, புதுப் புது நகர்களின் கடைசி வரிசை வீடுகளுக்கெல்லாம் போனான். பெட்டியைக் கிண்டல் செய்தவன் இப்போது வீட்டையும் சேர்த்துக் கிண்டல் செய்தான்.

ஒருமுறை ஒரகடம் சாலையில் புது வீடு கட்டியவர், சாமி அறைக்கு இத்தாலி மார்பிள் போட்டிருந்தார். வனமாமலை மீட்டரைச் செருகிப் பார்த்தான். வீட்டுக்கே எர்த் போடவில்லை.

"மார்பிளுக்கு காசு இருந்துச்சு, மண்ணுக்குள்ள ஒரு கம்பி எறக்கக் காசு இல்லையாக்கும்? கேபினட்டைத் தொட்டா சாமி நேருல வரும் அண்ணாச்சி. எர்த் போடாம நான் பூட்ட மாட்டேன்."

வீட்டுக்காரர் கொதித்துப்போய் கடைக்குப் போன் செய்தார். "இன்னாம்மா ஆளு அனுப்பி வெச்சிருக்கே? வூடு பூந்து திட்டறான்!"

"எர்த் இல்லைன்னு சொன்னாரா? அப்ப போட்டுடுங்க சார்" என்றாள் பிரவீனா. "சொல்றத மட்டும் கேட்டுக்குங்க. சொல்ற விதத்தக் கேக்காதீங்க."

வீட்டுக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு ஆளைக் கூப்பிட்டு, தோட்டத்தில் எர்த்துக்குக் குழி வெட்டச் சொன்னார். அதில் கொட்டக் கரியும் உப்பும் வந்து சேர்கிறவரை வனமாமலை மீட்டரோடு அங்கேயே நின்று, குழி போதாது, இன்னும் ஆழமாக வெட்டு, இதில் கோழிகூடப் படுக்காது என்று சொல்லிக்கொண்டிருந்தான்.